முதல் ஆல்பக்காரர்

முதல் ஆல்பக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். ஏதாவது ஒரு ராக் இசைக்குழுவின் பெயரை அவர் முன்னால் வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு கனிவு பரவும். கண்கள் பாதி மூடிக்கொள்ளும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்ப்பவர்போலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அவங்களோட முதல் ஆல்பம் கேட்டிருக்கீங்களா?" என்பார். கேட்டிருக்கிறேன் என்றால், "அப்ப ரெண்டாவதப் பத்தி நான் சொல்றதுக்கு என்ன இருக்கு" என்பார். கேட்டதில்லை என்றால், "அப்ப உங்ககிட்ட நான் சொல்றதுக்கு என்ன இருக்கு" என்பார். ஆக, இரண்டு வழியிலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதை முக்கால் மணி நேரம் சொல்வார்.

இவரை வெறும் இசை ரசிகர் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். பாட்டு இவருக்கு ஒரு கிளைத் தொழில். நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோனால் அழைக்காமலே வந்து, எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து மூடி, குழாயைத் திருகிப் பார்த்து, கடைசியில் பழைய வீட்டில் காற்று நன்றாக வரும் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பழைய வீட்டுக்கு நீங்கள் போன புதிதில், அதற்கு முந்தைய வீட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சொன்னவரும் இவரேதான். முடிவெட்டும் கடையில் ஆள் மாறினால் போதும், "பழைய ஆள் காதுக்குப் பின்னாடி ஒரு வேலை செய்வான் பாருங்க" என்று பெருமூச்சு விடுவார். காதுக்குப் பின்னால் நடந்தது இவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒருவரைப் பத்து வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். பகலில் நான் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மற்ற நேரத்தில் ஒரு ராக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். பேஸ் கிதார் என்பது, அது நின்றுபோனால் மட்டுமே இருந்தது என்று தெரிய வரும் வாத்தியம். அதனால் யாரும் என்னைக் கவனிப்பதில்லை, நான் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் நான்கு பேர். கிதார் வாசிப்பவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். டிரம்ஸ் அடிப்பவன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன், அவனை லிஃப்ட்காரன் என்றே கூப்பிடுவோம். பாட்டெழுதிப் பாடுகிறவள் குடிதண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். நான் சொல்ல வந்த மாதிரி மனிதர் இந்தப் பாடகியின் கூடப்பிறந்த அண்ணன். குழுவில் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான்.

அண்ணனுக்குக் கண்ணாடிக் கடை. கண் பார்வையையும் அவரே சோதித்துச் சொல்வார். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் கெட்டிக்காரர். கடைக்குப் பின்புறம் திரை போட்ட ஓர் இருட்டறை. வருகிறவரை அங்கே உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான வட்டச் சட்டம் ஒன்றை மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "ரெண்டு" என்ற பதிலைக் காதால் கேட்டு, கையால் எழுதிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் அதன்படியே கண்ணாடி செய்து கொடுக்கிறவர். அப்படிப்பட்டவர் கடைக்கு வெளியே கால் வைத்ததும், உலகத்தில் ரெண்டு என்று ஓர் எண் இருப்பதையே மறந்துவிடுவார். அவர் வீட்டுப் புகைப்படங்களைப் பார்த்தாலே தெரியும். மூத்த மகளுக்கு ஒவ்வொரு பல் முளைத்ததற்கும் ஒரு படம் இருக்கிறது. இரண்டாவது மகளுக்கு மொத்தம் நான்கு படம். அதில் இரண்டில் அக்காவுக்குப் பின்னால் நிற்கிறாள்.

எங்கள் முதல் ஆல்பம் லிஃப்ட்காரனின் வீட்டில் பதினொரு நாளில் பதிவானது. ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, துணி அலமாரிக்குள் பாடகியை நிற்க வைத்து, கோட்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் பாட வைத்தோம். அடுத்த அறை சமையலறை. அங்கே ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது. அது ஓடி ஓடி நிற்கும்போது உடம்பைக் குலுக்கி "டொக்" என்று ஒரு சத்தம் போடும். இரண்டாவது பாட்டில் எல்லா வாத்தியமும் நின்று, அவள் குரலும் நின்று, ஒரு கணம் அமைதி வரும் இடத்தில் சரியாக அந்த "டொக்" விழுந்துவிட்டது. எங்களில் யாரும் கவனிக்கவில்லை. ரசிகர்கள் கவனித்தார்கள். ஓர் இதயம் நிற்கும் ஓசை என்று ஒருவர் எழுதினார். இல்லை, ஒரு கதவு நிரந்தரமாகச் சாத்தப்படுகிறது என்று இன்னொருவர் மறுத்தார். அது பிரிட்ஜ் என்று நாங்கள் சொன்னோம். கலைஞர்களுக்கே உரிய அடக்கம் என்றார்கள்.

அந்த ஆல்பம் வந்தபோது அண்ணன் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? நான் பக்கத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன். "சத்தம் ஜாஸ்தி. வார்த்தையே புரியல. ஸ்கூல் ஆண்டு விழாவுல ஒண்ணு பாடினியே, அது பாட்டு" என்றார். அப்போது பாடகிக்கு வயது முப்பத்தொன்று. ஆண்டு விழாவில் பாடியபோது பத்து. முதல் நிகழ்ச்சிக்கு மொத்தம் பதினொரு பேர் வந்தார்கள். அண்ணனும் வந்து, கடைசி வரிசையில் நின்று, மூன்றாவது பாட்டின்போது யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். பிறகு அந்தப் பதினொரு பேர் நிகழ்ச்சிக்கு நாளுக்கு நாள் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. இன்றைய நிலவரப்படி முந்நூறு பேர் நேரில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நடுவில் முன்வரிசையில் நின்று அழுதவர் அண்ணன்.

நான்கு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் இரண்டாவது ஆல்பம் போடப் போகிறோம் என்று அறிவித்தோம். முதல் ஆல்பம் மகத்தான படைப்பாக மாறியது அன்றைக்குத்தான். "முதல் ஆல்பம் கேட்டவர்கள்" என்று இணையத்தில் ஒரு குழு முளைத்தது. அதை நடத்துகிறவர் வேறு யார்? அண்ணன். ஒரே மாதத்தில் அறுநூறு பேர் சேர்ந்தார்கள். இரண்டாவது ஆல்பத்தின் ஒரு வரிகூட அப்போது எழுதப்படவில்லை. அது முதலாவதைப்போல் இல்லை என்று அறுநூறு பேரும் ஒருமனதாக முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

இந்த முறை ஒழுங்கான ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். சுவரெல்லாம் பஞ்சு, கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சோபா. ஒலிப்பதிவு செய்தவர் நடுவயது அம்மா ஒருவர், கழுத்தில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த சோபாவில் சனிக்கிழமை தவறாமல் அண்ணன் வந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பாடகியின் அண்ணன், அதுவும் முதல் நிகழ்ச்சியில் முன்வரிசையில் அழுதவர்.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் தலை ஒரு பக்கமாகச் சாயும்.

"சுத்தமா இருக்கு" என்பார். அவர் வாயில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

"சுத்தமா இருந்தா நல்லதுதானே அண்ணா?" என்பான் லிஃப்ட்காரன்.

"நல்லதுதான்பா. ஆனா முதல் ஆல்பத்துல ஒரு அழுக்கு இருந்துச்சு. ஒரு பசி இருந்துச்சு. இதுல பசி தெரியல."

"இப்பதான் சாப்பிட்டு வந்தோம் அண்ணா" என்பார் வாத்தியார்.

சிரித்தோம். ஆனால் பயம் என்பது சிரித்தால் போகிற விஷயமா? நாலாவது சனிக்கிழமை அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார். "எல்லாம் சரி, அந்த டொக் எங்கே?" அறுநூறு பேரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை நாங்கள் நான்கு பேரும், வளர்ந்த மனிதர்கள், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பிரிட்ஜை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம்.

கொண்டுவந்தோம். இரண்டு மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்ட் ரிப்பேர்க்காரன் ஒருவன் எங்களோடு பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படியேறியதைப் பார்த்த காவலாளி எழுந்து நின்று வழிவிட்டார். மேலே வந்ததும் ஒலிப்பதிவு அம்மா பிரிட்ஜை ஒரு பார்வை பார்த்தார். "சத்தத்த மட்டும் தனியா எடுத்து வேணுங்கிற இடத்துல வெச்சுடலாம்" என்றார். அது ஏமாற்று வேலை என்று வாத்தியார் மறுத்துவிட்டார். முதல் ஆல்பத்தில் தானாக விழுந்தது, இதிலும் தானாகத்தான் விழ வேண்டுமாம். ஆகவே பிரிட்ஜை ஓடவிட்டு, அது எப்போது நிற்கும் என்று காத்திருந்து, நிற்கப்போகிறது என்று தோன்றும்போது பாட்டைத் தொடங்கினோம். பாட்டு முடிந்த பிறகு டொக் வந்தது. அடுத்த முறை பாட்டு தொடங்குமுன் வந்தது. அதற்கடுத்த முறை சரியான இடத்தில் வந்தது, லிஃப்ட்காரன் திடுக்கிட்டுக் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். இரண்டு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. கடைசியில் பதினேழாவது தடவை, அமைதியின் நட்டநடுவில், கச்சிதமாக விழுந்தது. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். நான்கு பேரும் சேர்ந்து அண்ணனைப் பார்த்தோம்.

"இது வேற டொக்" என்றார் அண்ணன்.

"அதே பிரிட்ஜ்தான் அண்ணா."

"இருக்கலாம். ஆனா அந்த டொக்குல ஒரு தயக்கம் இருந்துச்சு. இது ரொம்ப உறுதியா இருக்கு."

வாத்தியாருக்குக் கோபம் வந்து எழுந்து நின்றார். அப்போதுதான் லிஃப்ட்காரன் தொண்டையைச் செருமினான். அந்தப் பழைய பிரிட்ஜ் நின்றுபோய் இரண்டு வருடம் ஆகிறதாம். அவன் மனைவி அதே கம்பெனியில் அதே நிறத்தில் வேறொன்று வாங்கி அதே மூலையில் வைத்துவிட்டாளாம். தினமும் அதிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கிறவனுக்கு, சுமந்துகொண்டு வரும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆக, அண்ணன் சொன்னது சரி. வாழ்நாளிலேயே ஒரு முறைதான் சரியாகச் சொன்னார், அதுவும் எங்கள் தலையில் வந்து விடிந்தது. இரண்டு பிரிட்ஜ்களைக் காதாலேயே பிரித்தறிந்தவர் என்ற கதையை அறுநூறு பேருக்கும் எழுதினார். அதன் பிறகு அவர் எது சொன்னாலும் எதிர்த்துப் பேச எங்களுக்கு நாக்கு எழவில்லை. இந்த இனத்துக்கு நூற்றில் ஒரு தடவை சரியாகச் சொன்னால் போதும். மீதித் தொண்ணூற்றொன்பதையும் அந்த ஒன்றின் பெயரிலேயே ஓட்டிவிடுவார்கள்.

ஆனால் ஒரு பாட்டை மட்டும் பாடகி அவர் கண்ணில் காட்டவில்லை. ஏழாவது பாட்டு. அதைப் புதன்கிழமை பதிவு செய்தோம், அண்ணன் கடையை விட்டு நகர முடியாத நாள். கிதார் ஒன்று, குரல் ஒன்று, வேறு எதுவுமில்லை. மெதுவான பாட்டு. ஒரு சிறுமி பச்சை சைக்கிள் ஒன்றில் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அண்ணன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். அவள் திரும்பிப் பார்க்காமல் அவனிடம் பேசிக்கொண்டே போகிறாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, காலில் பட்ட அடியைப் பற்றி, பெரியவளானால் என்ன செய்வேன் என்பதைப் பற்றி. பதில் வரவில்லை. அவன் எப்போதோ கையை விட்டுவிட்டான். அவள் அது தெரியாமல் ஓட்டிக்கொண்டே, பேசிக்கொண்டே போகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அவள் பாடி முடித்தபோது ஒலிப்பதிவு அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனார். போனவர் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அண்ணன் இத ஆல்பம் வந்த பிறகு முழுசா கேக்கட்டும். அது வரைக்கும் யாரும் சொல்லிடாதீங்க" என்றாள். அவளுக்கு அந்த ஆல்பத்தில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அறுநூறு பேர் என்ன சொன்னாலும் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

ஆல்பம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு இணையத்தில் வெளியிட்டோம். அண்ணனின் விமர்சனம் பத்து பதினாலுக்கு வந்தது. ஆல்பத்தின் நீளம் ஐம்பத்திரண்டு நிமிடம். வாத்தியார் உடனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் போனால், கேட்டது ஒன்பது நிமிடம். அதாவது இரண்டு பாட்டும் மூன்றாவதில் கொஞ்சமும். அண்ணன் இப்படி எழுதியிருந்தார்: "பன்னிரண்டு பாடல்களையும் மனதை ஒருமுகப்படுத்திக் கேட்டேன். எல்லாம் ஒரே வேகம், ஒரே இரைச்சல். எங்காவது ஓரிடத்தில் நிதானித்து, ஒரு கிதாரும் ஒரு குரலுமாக நம்மிடம் பேசியிருக்கலாம். முதல் ஆல்பத்தின் ஆன்மா இதில் இல்லை."

அதைப் பாடகி படித்தாள். ஒரு தடவை படித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். அறுநூறு பேரும் அண்ணன் சொன்னதையே எழுத்துப் பிழை உட்பட எடுத்துப் போட்டார்கள். ஒரு பத்திரிகை, மாறிவிட்டார்கள் என்று குறை சொன்னது. இன்னொரு பத்திரிகை, மாறவே இல்லை என்று குறை சொன்னது. முன்பின் தெரியாத ஒரு நர்ஸ், வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது ஏழாவது பாட்டை நான்கு தடவை கேட்டதாகவும், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதாகவும் எழுதியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கடிதத்தை மாற்றி மாற்றிப் படித்துச் சந்தோஷப்பட்டோம். பாடகி மட்டும், "அண்ணன் கேட்டாரா?" என்றாள்.

அவளே அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "முழுசா கேட்டியா?" என்று.

"கேட்டேன் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு..."

அந்த "ஆனா"வோடு திரும்பி வந்துவிட்டாள். ஐந்து வாரம் கழித்து ஒத்திகை அறையில் மைக் ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள். "மூணாவது வேணாம். நீங்க வேற ஆள் பாத்துக்குங்க. நான் விட்டுடறேன்." வாத்தியார் ஏதோ சொல்லப் பார்த்தார். லிஃப்ட்காரன் தரையைப் பார்த்தான். எனக்கு வந்தது கோபம், ஒளிக்காமல் சொல்கிறேன். அண்ணன் அப்போது என் முன்னால் இருந்திருந்தால், அந்தக் கனமான வட்டச் சட்டத்தை அவர் காதிலேயே மாட்டி விட்டிருப்பேன்.

இதற்கிடையில் பாடகிக்குத் தலைவலி வரத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் நெற்றி விண்ணென்று தெறிக்கிறது என்றாள். கண்ணைக் காட்டச் சொன்னார்கள். கண்ணைக் காட்ட அவளுக்கு வேறு கடை ஏது? கண்ணில் சொட்டு மருந்து விட்டால் அவளால் காரோட்ட முடியாது என்பதால் நான் கூடப் போனேன். திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே சொன்னேனே, என்னை யாரும் கவனிப்பதில்லை.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"இப்ப?"

"ரெண்டு."

"இப்ப?"

"ரெண்டுதான் அண்ணா."

"சரிதான்" என்றார் அண்ணன், எழுதிக்கொண்டே. "எட்டு வருஷமா ஒரே கண்ணாடியப் போட்டுக்கிட்டு இருந்தா தலை வலிக்காம என்ன செய்யும்? கண்ணு மாறும்மா. முன்ன நல்லாத் தெரிஞ்சுதுன்னு பழசையே பிடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

பெஞ்சிலிருந்து நான் கீழே விழாதது கடவுள் செயல். உள்ளே அவளும் என்னைப்போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு அண்ணன் சொட்டு மருந்து விட்டார்.

"இருபது நிமிஷம் கண்ண மூடிக்கோ. அப்புறம் உள்ள பாக்கலாம்."

"நீயும் உக்காரு அண்ணா."

"வெளிய ஆள் இருக்காங்களான்னு..."

"அவன்தான் இருக்கான். உக்காரு."

அந்த "அவன்" நான்தான். அண்ணன் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. அவள் கண்ணை மூடியபடியே கைப்பையைத் துழாவிப் போனை எடுத்து அண்ணனிடமே கொடுத்திருக்க வேண்டும். "ஏழாவத அழுத்து" என்றாள்.

கிதார் தொடங்கியது. நாலு நிமிடம் பதினோரு வினாடி. நான் அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒவ்வொரு வரியும் எங்கே போய் விழும் என்று தெரிந்துகொண்டே கேட்டேன். பாட்டு முடிந்தது. அண்ணன் மூக்கை உறிஞ்சினார். சரி, வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த சைக்கிள் பச்சை இல்ல" என்றார் அண்ணன். "நீலம்."

என்ன செய்ய? இனம் அப்படி.

"பச்சைதான்" என்றாள் அவள்.

"நீலம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முன்னாடி ஒரு கூடை, பெரிய பெல். அந்த மாதிரி சைக்கிள் இப்ப எங்க வருது?"

"அது முதல் சைக்கிள். அது திருட்டுப் போயிடுச்சு. அப்பா அப்புறம் பச்சை வாங்கினாரு. நீ எனக்குக் கத்துக் குடுத்தது அதுல."

நாற்காலி மறுபடியும் முனகியது.

"பிரிட்ஜ் மாறினத காதாலயே கண்டுபிடிச்ச. சைக்கிள் மாறினது உனக்கு ஞாபகம் இல்ல, பாத்தியா?"

"முதல் சைக்கிள்ல நீ ஓட்டவே இல்லையா?"

"அதுல நீதான் ஓட்டின. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். ரெண்டாவதுலதான் நானா ஓட்டினேன்."

தெருவில் யாரோ ஒரு ஷட்டரைத் தூக்கினார்கள். பிறகு அண்ணன் பேசினார், எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில்.

"இன்னொரு தடவை போடு."

"உன் கையிலதான் இருக்கு. நீயே போடு."

போட்டார். இருபது நிமிடம் கடந்த பின்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வரும்போது அவளுக்கு மருந்தால் கண் கலங்கியிருந்தது. அவருக்கு யாரும் மருந்து விடவில்லை. காரில் ஏறியதும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு ஒத்திகை எத்தன மணிக்கு?" என்றாள். அவ்வளவுதான். நான் சாவியைத் திருகினேன். வாசல் வரை கூடவே வந்த அண்ணன் கார் ஜன்னல் வழியாகக் குனிந்து, "ஆனா ஒண்ணு, அந்த நீல சைக்கிளோட பெல்லு..." என்று தொடங்கினார். கிளம்பிவிட்டோம்.

அண்ணன் திருந்தினாரா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு வகையில் முழுவதும் திருந்திவிட்டார். மூன்றாவது ஆல்பத்துக்கு இப்போது ஒத்திகை நடக்கிறது, நான்கு பாட்டு முடிந்திருக்கிறது. கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் வட்டச் சட்டத்தை மாட்டி, அவர்கள் தப்ப முடியாத நிலையில், "ரெண்டாவது ஆல்பத்துல ஏழாவது பாட்டு கேட்டிருக்கீங்களா? அது மாதிரி இனி யாரும் போட முடியாது. மூணாவது போடறாங்களாம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இணையக் குழுவின் பெயரை "இரண்டாவது ஆல்பம் கேட்டவர்கள்" என்று மாற்றிவிட்டார். தொள்ளாயிரம் பேர்.

அவரைச் சொல்லி என்ன? போன வாரம் பாடகி ஒரு புதுப் பாட்டைப் பாடிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று தொடங்கினேன். அடுத்து என் வாயிலிருந்து "ஆனா" வந்துவிட்டது. மீதியை விழுங்கிக்கொண்டு பேஸ் கிதாரின் கம்பியை முறுக்கினேன். அவள் சிரித்துவிட்டாள்.

இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்தீர்களே, உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். முடிவெட்டும் கடை வரைக்கும் இந்த ஆள் நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வந்தான், அந்தத் தொடக்கத்தில் இருந்த வேகம் பின்பாதியில் இல்லை என்று உங்களுக்குத் தோன்றியதோ? தோன்றியிருக்காது. சும்மா கேட்டேன். அது சரி, தலையை ஏன் அப்படி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள்?